மாட்டுப் பாயில் நின்ற ஹெலிகாப்டர்

"பெண் பைலட் பதறியதால் நர்ஸின் கால் முறிந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கரமனை பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் அதைப் படித்த ஜெபமலருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. செய்திக்கு நடுவில் ஆஸ்பத்திரி சேர்மன் நேசமணி கும்பிட்ட கையோடு நின்றார். "நான் விரித்திருந்த ரப்பர் பாயில் விழுந்ததால்தான் அந்தப் பிள்ளை பிழைத்தது. வெறும் காங்கிரீட்டாக இருந்தால் மண்டை பிளந்திருக்கும். எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று அவர் சொன்னதாகக் கீழே இருந்தது.

கர்த்தரை ஏன் இதில் இழுக்க வேண்டும்? பாயை விரித்தது நேசமணி. வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டது ஜெபமலர். நடுங்கியது ஹெலிகாப்டர். அதை ஓட்டிய அஸ்வதியின் தலையில் இப்போது மொத்தப் பழியும்.

ஜெபமலர் அந்த ஆஸ்பத்திரி ஹெலிகாப்டரின் பராமரிப்பு என்ஜினியர். அவள் சரி என்று சொல்லாமல் அது பறக்கக் கூடாது. களியக்காவிளைப் பக்கத்துக்காரி. நேசமணியும் அந்தப் பக்கம்தான், ஒரே சபை. ரப்பர் தோட்டத்தில் தொடங்கி, ரப்பர் ஷீட், ரப்பர் பாய் என்று வளர்ந்து, திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி கட்டி, அதன் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கவும் தளம் போட்ட மனிதர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் வேலை போட்டுக் கொடுத்தேன் என்பது அவர் பேச்சு. ஜெபமலரையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துச் சொல்வார். அவள் பெங்களூரில் வருஷக்கணக்காக ஹெலிகாப்டர்களைக் கழற்றி மாட்டியவள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நடந்தது என்னவென்று கேளுங்கள். மாடியில் ஹெலிகாப்டர் இறங்கினால் கீழே படுத்திருக்கும் நோயாளிகளுக்குச் சத்தமும் அதிர்வும் தாங்கவில்லை என்று புகார் வந்தது. நியாயமான புகார்தான். அதற்கு என்ன செய்யலாம் என்று நேசமணி யாரையாவது கேட்டாரா? கேட்கவில்லை. தன்னுடைய பாக்டரியில் இருந்து ஒரு லோடு ரப்பர் பாயை ஏற்றி வந்து, தளம் முழுக்க ஒட்டி, மேலே மஞ்சள் பெயிண்டில் பெரிய ஆங்கில எச் எழுத்தும் போட்டுவிட்டார். அது சாதாரணப் பாயும் இல்லை. பால் மாடு படுத்து எழுந்தால் முட்டி தேயாமல் இருக்கத் தொழுவத்தில் விரிக்கிற பாய். நாலு விரல் கனம், உள்ளே பஞ்சு மாதிரி அமுங்கும். கேரளம் முழுக்க அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு அதுதான்.

ஹெலிகாப்டர் அப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டில் சர்வீசுக்கு நின்றது. வேறு ஏதோ வேலையாக மாடி ஏறிய ஜெபமலர், பாயில் ஒரு கால் வைத்ததும் நின்றுவிட்டாள். கால் அமுங்கியது. அங்கேயே நின்று பாயை அழகு பார்த்துக்கொண்டிருந்த நேசமணியிடம் நேரே போனாள்.

"அண்ணாச்சி, இத எடுத்திருங்க. ஹெலிகாப்டர் இதுமேல நிக்கப்பிடாது. ஆட்டம் பிடிச்சிரும்."

நேசமணி சிரித்தார். "எடீ பிள்ளே, ஆட்டம் வராம இருக்கதுக்குத்தான் ரப்பரு. காரு எஞ்சினுக்கு அடியில என்ன வைக்கான்? ரப்பராக்கும். ரப்பரப் பற்றி எனக்கு நீ படிப்பிச்சுத் தாறியா?"

"காரு வேற, இது வேற அண்ணாச்சி. இதுக்கு தலைக்கு மேல மூணு றெக்கை சுத்துது. வெளயாட்டுக்குச் சொல்லல. ஆளுயிரு போகும்."

"செரி செரி. எடுக்கச் சொல்லுதேன்" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை போனக்காடு எஸ்டேட்டில் இருந்து அழைப்பு வந்தது. கொழுந்து பறிக்கப் போன மாடம்மாளைக் காட்டுப்போத்து, அதுதான் காட்டெருமை, முட்டித் தூக்கி எறிந்துவிட்டதாம். அந்த மலைப்பாதையில் ஜீப்பில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தால் தாங்குவாளோ மாட்டாளோ. ஷெட்டில் இருந்து ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரி மாடிக்குப் போய், நர்ஸ் ஷீனாவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். கிளம்பும் முன் ஜெபமலர் நேசமணியைக் கூப்பிட்டு, பாயை எடுத்தாச்சா என்று கேட்டாள். "ஆளுகிட்ட சொல்லியாச்சு, அனுப்பு" என்றார். அவர் பேச்சை நம்பி, அஸ்வதியிடம் பாய்ப் பேச்சே எடுக்காமல் அவள் அனுப்பினாள்.

பாயை யாரும் எடுக்கவில்லை. அதைவிடக் கொடுமை, தளத்தின் ஓரத்தில் விருந்தாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நேசமணியே நின்றார். ஹெலிகாப்டர் இறங்குவதை அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். காலுக்கடியில் கிடந்த பாய் அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பட்டது. ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மேலிருந்து பார்த்த அஸ்வதிக்கு மஞ்சள் எச்தான் தெரிந்தது. அது காங்கிரீட்டில் எழுதியதா மாட்டுப் பாயில் எழுதியதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இறங்கினாள். அவசரம் என்பதால் இறக்கையை நிறுத்தாமல் ஓடவிட்டாள். ஷீனா மருந்துப் பையோடு ஓடிவந்து படியில் ஒரு கால் வைத்தாள். அப்போது ஹெலிகாப்டர் இடமும் வலமுமாக ஒரு தடவை அசைந்தது. அடுத்த அசைவு அதைவிடப் பெரியது. மூன்றாவதில் மொத்த உடம்பும் கிடுகிடுவென்று உதறத் தொடங்கியது. அஸ்வதி இடது கைப்பக்கத்து நெம்புகோலை ஒரே இழுப்பாக இழுத்து மேலே தூக்கிவிட்டாள். ஷீனா படியில் இருந்து கீழே விழுந்தாள், கால் முறிந்தது. காற்றில் ஏறிய ஹெலிகாப்டரில் நடுக்கம் சட்டென்று நின்றுபோனது. அஸ்வதி அதைத் திருப்பிக் கொண்டுவந்து ஷெட்டின் முன்னால் காங்கிரீட்டில் பூப்போல இறக்கினாள்.

மாடம்மாள் ஜீப்பில்தான் வந்து சேர்ந்தாள். கெட்டி உயிர், பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கே அஸ்வதியை இனிப் பறக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் மாடியில் பாயும் இல்லை, எச்சும் இல்லை, வெறும் காங்கிரீட்.

பேப்பர் செய்தியைப் படித்த சூடு ஆறாமல் ஜெபமலர் நேரே பழவங்காடிக்குப் போனாள். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் அஸ்வதி தங்கியிருந்தாள். கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. அஸ்வதி பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

"ஞான் பேடிச்சில்ல சேச்சி, பயப்படல" என்றாள். "பேடிக்க நேரம் எங்க கிட்டிச்சு? ரெண்டு ஆட்டம் ஆடிச்சு. மூணாவதுல முன்னால உள்ள மீட்டர் ஒண்ணும் கண்ணுக்குப் பிடிபடல. தூக்கிட்டேன். தரையில ஆட்டம் பிடிச்சா தரைய விட்டுரணும்னுதானே டிரெயினிங்ல சொல்லித் தந்தது."

"ஷீனா படியில நின்னத பாத்தியா?"

"பாத்தேன். பாத்துட்டுத்தான் தூக்கினேன் சேச்சி. தூக்கலேன்னா அவளும் இல்ல, ஞானும் இல்ல, மாடியில நின்ன ஒருத்தரும் இல்ல." அஸ்வதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பதறிட்டான்னு எழுதிட்டாங்க. இனி எந்தக் கம்பெனி என்னய எடுக்கும்? பதறுற பைலட்ட யாரு எடுப்பா?"

அவள் சொன்னது உண்மைதானே? எஞ்சின் கெட்டது என்றால் எஞ்சினை மாற்றலாம். பதறினாள் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் அதை எதைப் போட்டு மாற்றுவது? இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, வீட்டில் நிலத்தை விற்றுப் படித்தவள், வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஷீனாவுக்குத் தனி அறை, ஏசி, எல்லாம் இலவசம். காலில் மாவுக்கட்டு. ஜெபமலரைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்றெ கால் படியில இருந்தப்போ தூக்கினா சேச்சி" என்றாள். "ஒரு மனுஷி ஏறுறான்னு பாக்காண்டாமா? சேர்மன் சாரும் அதத்தான் சொன்னாரு."

ஷீனாவிடம் கோபப்பட முடியுமா? காலை முறித்துக்கொண்டவள் அவள். ஜெபமலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வீட்டுல வாஷிங் மெஷின் உண்டா?"

"உண்டு. எதுக்கு?"

"பிழியும்போது நனைஞ்ச துணியெல்லாம் ஒரு பக்கமா சேர்ந்துட்டா என்ன ஆகும்?"

"டபடபன்னு ஆடிட்டு பாத்ரூம்ல இருந்து நடந்து வெளியில வரும்."

"அதுதான் நடந்தது" என்றாள் ஜெபமலர்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். தலைக்கு மேல் சுற்றும் மூன்று இறக்கைகளும் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு கீல் உண்டு, கொஞ்சம் முன்னே போகும், கொஞ்சம் பின்னே வரும். ஏதோ ஒரு தட்டில் இரண்டு இறக்கை நெருங்கிவிட்டால், நனைந்த துணி ஒரு பக்கம் சேர்ந்த மாதிரி, பாரம் நடுவை விட்டு விலகிவிடும். தலை சுழன்று ஆடும். தலை ஆடினால் உடம்பும் கால்மேல் நின்று ஆடும். இரண்டு ஆட்டமும் ஒரே தாளத்தில் விழுந்துவிட்டால் தீர்ந்தது கதை. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் இறக்கை பிய்த்துக்கொண்டு பறக்கும், வால் ஒடியும், உடம்பு துண்டு துண்டாகும். அது நடக்காமல் இருக்கத்தான் ஒவ்வொரு இறக்கைக்கும் டேம்பர் என்று ஒன்று, வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி. கால்களுக்கும் இவ்வளவு விறைப்பு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அந்தக் காலுக்கு அடியில் கொண்டுபோய் மெத்தையைப் போட்டால் கணக்கு மொத்தமும் போயிற்று. உடம்பு மெதுவாக ஆடத் தொடங்கி, தலையின் தாளத்தில் போய்ச் சரியாக மாட்டிக்கொள்ளும்.

"தரைய விட்டா?" என்று கேட்டாள் ஷீனா.

"தரைய விட்டா நின்னு ஆடக் கால் இல்லயே. நின்னுரும். அவ தூக்காம இருந்திருந்தா நீ இப்பம் இந்தக் கட்டில்ல கிடக்க மாட்ட, ஷீனா."

ஷீனா மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "படியில கால் வச்சப்போ பல்லு வரைக்கும் நடுங்கிச்சு. ஞான் ஏறினதுனால ஆடுதுன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில். "ஞான் அத யாருட்டயும் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல."

ஜெபமலர் அறையை விட்டு வெளியே வந்தபோது சேர்மன் கூப்பிடுகிறார் என்று ஆள் நின்றது. கேபினில் நேசமணி பழ ஜூஸ் வரவழைத்து வைத்திருந்தார். சபையில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற முகம், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற குரல்.

"நாளைக்கழிச்சு விசாரணை உண்டு. ராஜையன் சார் வாறாரு, முன்ன விமானப்படையில ஹெலிகாப்டர் ஓட்டினவரு, இப்பம் விமானத் துறை அதிகாரி. நீ என்ன சொல்லப் போற?"

"நடந்தத சொல்லுவேன். தரையில நின்னு ஆட்டம் பிடிச்சுது. காரணம் பாய்."

"எந்தப் பாய்?" என்றார் நேசமணி. "மெலிசா ஒரு ஷீட்டு கிடந்து. அதுவும் இப்பம் இல்ல."

காலையில் பேப்பரில் உயிரைக் காப்பாற்றிய பாய், சாயங்காலம் கேபினில் மெலிந்து ஷீட்டாகிவிட்டது. கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

"எடுங்கன்னு முந்தின நாளே உங்ககிட்ட சொன்னேன் அண்ணாச்சி."

"எப்பம் சொன்ன? எனக்கு ஓர்மை இல்லியே." அவர் ஜூஸை அவள் பக்கம் நகர்த்தினார். "கேட்டியா பிள்ளே, வழி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, பைலட்டு பதறிட்டா. இல்லியா, மிஷின்ல கேடு. மிஷினு யாருக்க பொறுப்பு? அந்த டேம்பரோ என்னவோ, அத பாத்துச் செரின்னு விட்டது யாரு? நீயாக்கும். ஆட்டம் பிடிச்சுது ஆட்டம் பிடிச்சுதுன்னு நீ சொல்லச் சொல்ல, விரல் உனக்க பக்கமாக்கும் நீளும். நம்ம பிள்ளயாச்சேன்னு சொல்லுதேன். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத்த வேல?"

அவர் சொன்னதில் கணக்குப் பிசகு ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. தரையில் ஆட்டம் பிடித்தது என்று சொன்னால், எந்த நிபுணனும் முதலில் பார்ப்பது டேம்பரை. அது நாலு விரல் கனம் என்று காட்டப் பாய் இல்லை, அவருடைய விருந்தாளிகள் வாய் திறக்கப் போவதும் இல்லை. அஸ்வதியைக் காப்பாற்றப் போனால் ஜெபமலரின் லைசென்ஸ் போகும். அவள் சும்மா இருந்தால் அஸ்வதி போவாள். யார் போனாலும் நேசமணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"ஜூஸ் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வரும்போதுதான் அது மண்டையில் உறைத்தது. நேசமணியை அவளுக்குச் சின்ன வயதில் இருந்து தெரியும். சபை அசன விருந்தில் மிஞ்சிய வாழையிலையைக்கூட வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறவர். ஒரு லோடு நல்ல ரப்பரை அந்த மனிதர் குப்பையில் போடுவாரா? உயிர் போனாலும் மாட்டார்.

மறுநாள் காலை பாறசாலைக்கு அப்பால் இருந்த அவருடைய மாட்டுப் பண்ணைக்குப் போனாள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் சுசீலாபாய் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெபமலரைச் சபையில் பார்த்துப் பழக்கம்.

"வா மக்களே, என்ன விசேஷம்?"

"புதுசா ரப்பர் மேட்டு வந்துதாமே, பாக்கலாம்னு வந்தேன்."

"ஆமா, ரெண்டு நாளாச்சு. நல்ல சாதனம். மாடு எழும்ப மாட்டேங்குது, அப்பிடி சொகம்."

தொழுவத்துக்குள் போனதும் ஜெபமலர் அப்படியே நின்றாள். வரிசையாகப் பசுக்கள். ஒரு பசுவின் வயிற்றுக்கு அடியில் மஞ்சள் பட்டை ஒன்று. அடுத்த பசுவின் காலடியில் இன்னொரு பட்டை, தலைகீழாக. ஆஸ்பத்திரி மாடியில் இருந்த அந்தப் பெரிய எச், துண்டு துண்டாகச் சாணியில் கிடந்தது. ஒரு பிள்ளையின் கால் முறிந்து, இன்னொரு பிள்ளையின் பேர் கெட்டு, இங்கே மாடு சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாட்டின்மேல் என்ன தப்பு? அது பாட்டுக்கு அதற்காகச் செய்த பாயில் படுத்திருக்கிறது.

"இத நான் கொஞ்சம் கொண்டுபோறேன் அக்கா."

"அய்யா கேட்டா?"

"ஆஸ்பத்திரி ஹெலிகாப்டருக்குத்தான்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

பெட்டி ஆட்டோ ஒன்றைப் பிடித்து, மஞ்சள் பட்டை உள்ள பாய்களாகப் பார்த்து ஏற்றினாள். சாணியைக்கூடக் கழுவவில்லை.

விசாரணை ஷெட்டின் முன்னால் நடந்தது, ஹெலிகாப்டரையும் பார்க்க வேண்டும் என்பதால். ராஜையன் மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். மூன்று டேம்பர்களையும் அவரே கழற்றச் சொல்லி, அமுக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். நேசமணி விடவில்லை. "சம்பவம் நடந்தபிறகு ஹெலிகாப்டர் இவ கையிலதானே சார் இருந்து? மாத்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். எவ்வளவு வசதியான வாய் பாருங்கள். ஒரு ஓரத்தில் அஸ்வதி யூனிபார்ம் இல்லாமல் நின்றாள். ஷீனாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள்.

ஜெபமலர் ஷெட்டுக்குள் இருந்து பாய்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்து தரையில் போட்டாள். மஞ்சள் பட்டைகளைச் சேர்த்து வைத்தபோது எச் எழுத்து பாதிக்குமேல் வந்துவிட்டது. சாணி வாடை எழும்பியது. ராஜையன் குனிந்து கட்டை விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று.

"இதா மெலிசு ஷீட்டு?" என்று நேசமணியைக் கேட்டார்.

"செரி, பாயே இருக்கட்டும் சார்" என்றார் நேசமணி கொஞ்சமும் அசராமல். "ரப்பரு ஆட்டத்தக் கொறைக்குமே தவிர கூட்டாது. கொச்சுப் பிள்ளைக்கும் தெரியும். பைலட்டு பேடிச்சுப் போனதுக்கு என் பாய் என்ன செய்யும்?"

ஜெபமலர் பேன்ட்டில் கையைத் துடைத்தாள்.

"அப்பம் ஒண்ணு செய்வோம் சார். ஹெலிகாப்டரத் தள்ளி இந்தப் பாய்மேல நிறுத்துவோம். அஸ்வதி ஓட்டட்டும், நான் பக்கத்து சீட்டுல இருக்கேன். எனக்க டேம்பர் மோசம்னா முதல்ல போறது நானாக்கும். பின்னால ஒரு சீட்டு சும்மா கிடக்கு. அண்ணாச்சி அதுல வந்து இருக்கட்டும்."

"நானா? எதுக்கு?"

"மிஷினும் செரி, பாயும் செரி, பைலட் பதறினதுதான் காரணம்னு சொல்லுதிய. பதறாம இருக்கச் சொல்லி நீங்களே பின்னால இருந்து தைரியம் கொடுங்க."

"எனக்கு பிரஷர் உண்டு" என்றார் நேசமணி.

"மேல பறக்க வேண்டாம் அண்ணாச்சி. தரையிலதான். உங்க ரப்பர் மேலதான்."

ராஜையன் நேசமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்வதி நடந்துபோய் ஹெலிகாப்டரின் கதவைத் திறந்தாள். பின் சீட்டின் பெல்ட்டை எடுத்து, யாரோ உட்காரப் போகிற மாதிரி இரண்டு பக்கமும் விலக்கி வைத்தாள். அதைப் பார்த்ததும் நேசமணிக்கு நிதானம் தப்பியது.

"எடீ, எனக்கென்ன பைத்தியமா? ஆட்டம் பிடிக்கும், ஆளுயிரு போகும்னு நீதானே முந்தின நாளு மாடியில வச்சுச் சொன்ன? பின்னயும் என்னய அதுல ஏறி இருக்கச் சொல்லுதியா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த நாளு சொன்னா?" என்று கேட்டார் ராஜையன், அதே தாழ்ந்த குரலில். "மறுபடியும் சொல்லுங்க சார். முந்தின நாளா?"

ஜெபமலருக்கு வென்றுவிட்டோம் என்று தோன்றவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"அண்ணைக்கு மாடியில நீங்க எங்க நின்னிய அண்ணாச்சி?" என்றாள். "நானே சொல்லுதேன். தளத்துக்க ஓரத்துல, ஹெலிகாப்டருக்குப் பக்கத்துல. இவ தூக்கலேன்னா றெக்கை பிய்ஞ்சு முதல்ல உங்க பக்கமாக்கும் வந்திருக்கும். ஷீனாவுக்க கால் போச்சு. அத இவ ஆயுசுக்கும் மனசுல வச்சுக்கிடுவா. உங்களுக்கு ஒண்ணும் போகல. கழுத்துமேல தலை அப்படியே இருக்கு, இவ தந்த தலை. அந்தத் தலைய வச்சுக்கிட்டுத்தான் இவ பதறிட்டான்னு பேப்பர்காரன்கிட்ட சொன்னிய."

சக்கர நாற்காலியில் இருந்து ஷீனா வாயைத் திறந்தாள்.

"சாரே, அந்தப் பாய எடுத்துட்டு ஓட்டிப் பாக்கட்டும். பின் சீட்டுல ஞான் இருக்கேன்."

ராஜையன் முதலில் வேண்டாம் என்றார். ஷீனா கேட்கவில்லை. பாய்களை ஓரத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, மாவுக்கட்டோடு அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். அஸ்வதி திரும்பி அவள் பெல்ட்டைத் தானே மாட்டினாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள், என்னவென்று ஜெபமலருக்குக் கேட்கவில்லை. அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். இறக்கைகள் மெல்லச் சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்து, முழு வேகத்துக்கு வந்தன. காங்கிரீட்டில் ஹெலிகாப்டர் கல் மாதிரி நின்றது. அஸ்வதியின் இடது கை நெம்புகோலின்மேல் சும்மா கிடந்தது. ராஜையன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியபோது, "யூனிபார்ம் எங்க?" என்று அஸ்வதியிடம் கேட்டார். "நாளைக்கு இட்டுக்கிட்டு வா."

அஸ்வதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஷீனா பின்னால் இருந்து அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நேசமணியின் கார் கிளம்பத் தயாராக நின்றது. ஏறுவதற்கு முன் அவர் ஜெபமலர் இருந்த பக்கம் திரும்பிவந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் போலும் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். அவள் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"அந்தப் பாய எடுக்க ஆளு அனுப்புதேன்" என்றார். "மாடெல்லாம் வெறும் தரையில நிக்குதாம். சுசீலா இப்பம்தான் போன் பண்ணினா. முட்டி தேஞ்சிரும்."

ஷீனாவின் கால் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.